முற்றும் போட்ட பிறகும்

பேய், பிசாசு என்று எவனாவது வாயைத் திறந்தால் அவன் முகத்துக்கு நேராகவே சிரித்துவிடுகிற ஆள் நான். நாலாங்கிளாஸோடு நின்றவன், பட்டுத் தறியில் உட்கார்ந்தபடியே கதை எழுதப் பழகி அறுபது நாவல் போட்டவன், ஒருத்தன் கைதூக்கிவிடவில்லை. நம்பினால் நம்புங்கள், நடந்ததைச் சொல்கிறேன்.

எமர்ஜென்சி முடிந்த சமயம். ஆரணியில் எங்கள் தெருத் தறிகளுக்குப் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடுகிற இழை, பிணைக்க கோவிந்தம்மா அக்காதான் வருவாள். தறியில் ஒரு பாவு தீர்ந்தால் முழுக்க அறுத்துவிட மாட்டோம், கொஞ்சம் பழைய இழையை விட்டுவைப்போம். அக்கா விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு பழைய நுனியோடு புது இழையை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்ப்பாள். அதைப் பார்த்துத்தான் நானும் எழுத்தைப் பாதி வாக்கியத்தில் விட்டுவைப்பேன், மறுநாள் அதிலேயே பிணைத்துக்கொண்டு போகலாம் அல்லவா?

"இன்னா ரைட்டரே, என் தொழிலத் திருடிக்கினியா?" என்பாள் அக்கா.

"உன்னியே கதையில போட்டுடறேங்கா, போதுமா?"

"போடு போடு. பாதியில மட்டும் உட்டுடாத, எனுக்குத் தூக்கம் வராது."

ஒரு நாள் என் தறியில் பிணைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்தாள். உயிர் இல்லை.

அப்போது மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் என் முதல் தொடர்கதை வந்துகொண்டிருந்தது. அவள் போனதும் எனக்கு ஒரு வரி ஓடவில்லை. 'அவள் கதவைத் திறந்தபோது' என்று விட்டது விட்டதுதான். அடுத்த அத்தியாயம் வராவிட்டால் தொடரை நிறுத்துவதாகத் தந்தி வந்துவிட்டது. நிறுத்தினால் தெரு முழுக்க நான் அடித்த பெருமை என்னாவது, மறுபடி தறியே கதியென்றல்லவா உட்கார வேண்டும்?

அன்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்க்கிறேன், அந்தப் பாதி வாக்கியத்தின் நுனியில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அழுத்தின சாம்பல் தடம். பெண்டாட்டியிடம் கத்தினேன்.

"சாம்பலுக்கு நா எங்கங்க போவேன்? நம்ம ஊட்ல மண்ணெண்ணெ ஸ்டவ்வாச்சே!"

வாஸ்தவம்தான். துடைக்க உட்கார்ந்தவன் எழுத ஆரம்பித்தேன், விளக்கு வைக்கிற வரை பேனா நிற்கவில்லை. அதிலிருந்து தினமும் தடம் இருக்கும். அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு படுத்தாலும் இருக்கும். அப்படித்தான் தொடர் முடிந்தது. பெரிதாக 'முற்றும்' போட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் 'முற்றும்' என்பதற்குக் கீழேயும் அதே இரண்டு விரல். முடிந்துபோனதை அவள் எதோடு பிணைக்கப் பார்க்கிறாள்? பயத்தில் அன்றைக்கே அடுத்த நாவலை ஆரம்பித்தேன். ஒவ்வொரு 'முற்று'முக்குக் கீழேயும் இதே கதை. எப்படி ஐயா ஓயாமல் எழுதுகிறீர்கள் என்று கேட்பவர்களிடம், உழைப்பு என்று மார்தட்டுவேன். வேறு என்னத்தைச் சொல்ல?

இப்போது கண் போய்விட்டது, எழுதி ரொம்ப நாளாகிறது. மேஜையில் ஒரு தாள் கிடையாது, வீட்டில் கேஸ் அடுப்பு. ஆனால் விடிந்து எழுந்தால் என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நறநறக்கின்றன. மருமகளிடம் கையை நீட்டி என்னவென்று பார்க்கச் சொன்னேன்.

"சாம்பல் மாமா," என்றாள்.