எதிர்ப்பக்கம் போன கைப்பிடி

என் பெரியப்பாவின் உள்ளங்கை பட்டுப் பட்டு அந்தக் கைப்பிடி பளபளத்துத் தேய்ந்திருந்தது. ஊரிகத்துக்குப் பக்கத்துத் தங்கச் சுரங்கம் ஒன்றில், ஆட்களும் கல்லும் போய்வரும் இரும்புக் கூண்டான கேஜை ஏற்றி இறக்கும் நீராவி எஞ்சினைப் பகல் ஷிப்டில் ஓட்டியவர் அவர்தாம். கைப்பிடியை முன்னால் தள்ளினால் கேஜ் மேலே வரும். பின்னால் இழுத்தால் இறங்கும். மணிச் சத்தம் கேட்டதும் கை தானாகப் போகும். நடுவில் யோசனை என்று ஒன்று கிடையாது.

அந்த எஞ்சின் தளர்ந்துபோனதும், மூடிக் கிடந்த வேறொரு சுரங்கத்திலிருந்து ஓர் எஞ்சினைப் பல்சக்கரங்களோடு பெயர்த்து மாட்டுவண்டிகளில் கொண்டுவந்தார்கள். பழைய மேடையிலேயே உட்கார வைத்து, பழைய கயிற்று உருளையோடு பூட்டி, பூசணிக்காய் உடைத்தார்கள். ஓட்டுகிறவர்களுக்குப் பழகியது இருக்கட்டும் என்று பழைய கைப்பிடியையும் கழற்றி இதில் மாட்டினார்கள். ஆனால் வந்ததில் ஒரு பல்சக்கரம் குறைவு. அதனால் உருளை எதிர்ப்பக்கம் சுற்றியது. முன்னால் தள்ளினால் கேஜ் இப்போது இறங்கியது. பழகிக்கொள்ளுங்கள் என்றுவிட்டார் சுரங்கத்து வெள்ளைக்காரத் துரை.

வெறும் கல் ஏற்றி வெள்ளோட்டம் பார்த்தபோதே பெரியப்பாவின் கை இரண்டு தடவை தவறிற்று. ஆட்களை ஏற்றுவதற்கு முன்னால் துரையிடம் போய் நின்றார். "என் கை பழைய கைங்க தொரை. சொன்னா கேக்க மாட்டேங்குது. வேற ஆளப் போடுங்க" என்றார். அவரைக் கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட அனுப்பிவிட்டு, ராத்திரி ஷிப்டுக்காரரைப் பகலுக்கு மாற்றினார்கள். எங்கள் வீட்டில் எழுத்துப் படித்த முதல் ஆளான நான் அப்போதுதான் சுரங்க ஆபீசில் சேர்ந்திருந்தேன். "இன்னாபா, ஒங்க பெரியப்பாவுக்கு மேல எது, கீழ எதுன்னு மறந்துபூட்ச்சாமே?" என்று எங்கள் லைன் வீடுகள் முழுக்கக் கேட்டார்கள். நான் கொதிகலன் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

பகலுக்கு வந்தவரும் அதே பழைய எஞ்சினில் பழகியவர்; அவர் கையும் பழைய கைதானே. ஒரு நாள் சுரங்கத்தின் பாதி ஆழத்தில், நடு லெவலில் ஆட்கள் ஏறி, மேலே இழுக்க மணியடித்தார்கள். அவர் முன்னால் தள்ளினார். கேஜ் அடியில் போய் மோதியது. உள்ளே இருந்தவர்களுக்குக் கால் முறிந்தது. அவர்களில் ஒருவர் எங்கள் அடுத்த வீட்டுக்காரர்.

மறுநாளே கொல்லர் வந்து ஒரு கம்பியை மாற்றி மாட்டிக் கைப்பிடியைப் பழைய போக்குக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒரு பகல் வேலை.

கேலி செய்தவர்கள் எல்லாரும் வீடு தேடி வந்து பெரியப்பாவைப் புகழ்ந்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. எல்லாரும் போன பிறகு நீங்கள் சொன்னதுதான் சரியாகப் போயிற்று என்றேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"இன்னாடா சரி? என் கையத்தான் தப்புன்னு சொன்னேன். இரும்பு தப்பா நிக்குதுன்னு சொல்லலியே. அதச் சொன்னா தொரைக்கு ஆவாதுன்னு தெரியும். எனக்குப் பதிலா அந்தக் கைப்பிடிய இன்னொருத்தன் கையிலதானே குடுத்துட்டு வந்தேன்."

இரும்புதான் தப்பு என்ற அந்த வார்த்தையைத் துரையிடம் இங்கிலீஷிலேயே சொல்லக்கூடியவன் எங்கள் லைனில் நான் ஒருவன்தான். பெரியப்பா எஞ்சினை விட்டு ஏன் இறங்கினார் என்று ஊரே கேட்டது; நான் கேட்கவில்லை. கேலிக்குப் பயந்து முகத்தை மறைத்துக்கொள்ள வழி தேடிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் வேலை முடிந்து வந்தால், பெரியப்பா அடுத்த வீட்டுக்காரரைத் தூக்கி வந்து வெயிலில் உட்கார வைக்கிறார். "நீங்க ஓட்டியிருந்தா எனக்கு இப்படி ஆயிருக்காதுண்ணா" என்கிறார் அந்த மனிதர், மரியாதையாகத்தான். பெரியப்பா குனிந்து அவர் காலடியில் சாக்கைச் சரிசெய்கிறார்.

ஆபீஸ் வேலையாக எஞ்சின் வீட்டுக்கு நான் அடிக்கடி போகவேண்டியிருக்கிறது. வேறு யாருடைய உள்ளங்கையிலோ அந்தக் கைப்பிடி இன்னும் பளபளக்கிறது. முன்னால் தள்ளினால் கேஜ் மேலே வருகிறது. மணி அடிக்கிற வரைக்கும் அங்கே நிற்க என்னால் முடிவதில்லை.