பாதி மாத்திரை

மாஸ்டருக்கு யோசனை பிறப்பது பயத்தில்தான். அச்சகத்தில் கணவரின் ஆறு நாள் வேலை மூன்று நாளாகச் சுருங்கிய மாதம் அவளுக்குத் தூக்கம் போனது. அந்த மாதம்தான் பெட்டி வந்தது. தான் வேலை பார்க்கும் தையல் தொழிற்சாலையில் வெட்டி மிஞ்சிய துணியை ஒரு மரப்பெட்டிக்குள் மெத்தைபோல அடைத்தாள். பருப்பைக் கால் மணி நேரம் கொதிக்கவிட்டு, பாத்திரத்தோடு உள்ளே இறக்கி, மேலே இன்னொரு துணிமூட்டையை வைத்து அழுத்தி மூடினாள். அடுப்பை அணைத்துவிட்டாள். இரண்டு மணி நேரம் கழித்துத் திறந்தபோது பருப்பு கரண்டிக்கு மசிந்தது.

"என்ன மாஸ்டர், பானைக்குக் குளிர்காய்ச்சலா? போர்வையெல்லாம் போத்தி வச்சிருக்கே?" என்று படிக்கட்டில் கேலி செய்தவர்கள், மாதம் முடிவதற்குள் வெட்டுத்துணி கேட்டு அவள் வாசலில் நின்றார்கள்.

நான்கு மாடி, லிஃப்ட் இல்லாத கட்டடம். அதில் முதல் மாடி அவளுடையது. தையல் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகக் கட்டிங் மாஸ்டர் என்பதால் கட்டடத்துக்கே அவள் மாஸ்டர்தான். நீள மேஜையில் அறுபது அடுக்குத் துணியை விரித்து, மேல் துணியில் பேட்டர்ன் அட்டையை வைத்துச் சாக்பீஸால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் வெட்டும் மெஷினை ஓட்டுவது அவள் வேலை. மேல் அடுக்கு சரியாக இருந்தால் கீழே இருக்கும் ஐம்பத்தொன்பதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. அறுபது சட்டைக்கும் ஒரே கை, ஒரே கழுத்து. இத்தனை வருடத்தில் அவள் கை பிசகியதாக ஒரு பேச்சு கிடையாது.

சிக்கன யோசனைகளையும் அவள் இப்படித்தான் நடத்தினாள். எதுவாக இருந்தாலும் முதலில் தன் வீட்டில் ஓட வேண்டும். துணி அலசிய தண்ணீரில் படிக்கட்டைக் கழுவுவது, நைந்த காலரைப் பிரித்து மறுபக்கம் திருப்பித் தைப்பது, நாலு வீட்டுக்குச் சேர்த்து ஒரு மூட்டை அரிசி எடுத்துப் பங்கிடுவது எல்லாம் அவள் வீட்டில் தேறிய பிறகே மாடியேறின. காபித்தூளை இரண்டாம் தடவை வடிகட்டுவது மட்டும் தேறவில்லை. "இதைக் குடிக்கறதுக்கு வேலையில்லாமலே இருந்துடறேன்" என்று கணவர் தம்ளரைத் தள்ளிவைத்துவிட்டார்.

மாத்திரை யோசனையும் தேறிய யோசனைதான். கணவருக்குப் பிரஷர். தினம் ஒரு மாத்திரை. அதே மாத்திரையில் இரட்டிப்பு பலம் உள்ளது கொஞ்சம்தான் விலை கூட என்பதை அவள் மருந்துக்கடையில் நின்றபோது பார்த்தாள். பெரியதை வாங்கிப் பாதியாக வெட்டினால் மருந்துச் செலவு ஏறக்குறைய பாதியாகும். அவசரப்படவில்லை. டாக்டரிடமே கேட்டாள். அவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, "வெட்டலாம்மா, தப்பில்ல. சரிபாதியா இருக்கணும், அவ்வளவுதான்" என்றார். சரிபாதி! யாரிடம் சொல்கிறார்?

ஒரு மாதம் ஓட்டினாள். கணவரின் பிரஷர் துளியும் ஏறவில்லை, இறங்கவில்லை. பிறகு படிக்கட்டில் அறிவித்தாள்.

இரண்டு வீடுகள் சேர்ந்தன. மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒன்று. நான்காம் மாடி பஸ் டிரைவர் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு வீட்டிலிருந்தும் மாத்திரை அட்டைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மாஸ்டர் புது பிளேடை எடுத்து, மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி, நடுக்கோடு பார்த்து ஒரே அழுத்து. தூள்கூட உதிராது. பேட்டர்ன் காகிதத்தில் பொட்டலம் மடித்து, வீட்டுக்கு ஒரு சாக்பீஸ் கோடு போடுவாள். டைப்பிஸ்டுக்குச் சிவப்பு, டிரைவருக்கு நீலம். காலி அட்டைகள் குப்பைக்குப் போகும்.

"மாஸ்டர், என் வீட்டுக்காரரையும் இப்படி நடுவுல வெட்டிக் கொடு. ஒரு பாதி வேலைக்குப் போகட்டும், ஒரு பாதி வீட்ல இருக்கட்டும்" என்பாள் டிரைவர் மனைவி.

"எந்தப் பாதி அண்ணி உங்களுக்கு வேணும்?"

"வாய் இல்லாத பாதி!"

அந்தச் செவ்வாய்க்கிழமை துணி லாரி வரவில்லை என்று தொழிற்சாலையில் பத்தரைக்கே எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். சரி, மருந்தாவது வாங்கிவிடலாம் என்று பையில் வாங்கி வைத்திருந்த மூன்று வீட்டு மருந்துச் சீட்டுகளோடு மாஸ்டர் கடைக்குப் போனாள். வழக்கமான ஆள் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு புதுப் பெண் இருந்தாள். முதல் சீட்டு போனது, இரண்டாவது போனது. மூன்றாவதில் அந்தப் பெண்ணின் கை நின்றது.

"இதுல எழுதியிருக்கிற பலம் வேற. நீங்க கேக்கறது டபுள். எண்ணிக்கையும் பாதியா கேக்கறீங்க. ஏன்க்கா?"

"வெட்டிப் போட்டுக்குவோம்மா. அதுதான் லாபம்."

"இதையா வெட்டறீங்க?"

அவள் கேட்ட விதத்தில் மாஸ்டர் சீட்டை இன்னொரு தடவை எட்டிப் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட கேட்டுட்டேனே. வெட்டலாம்னு அவரே..."

"எதைக் காட்டிக் கேட்டீங்க? இதையா?" அந்தப் பெண் ஒரு அட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். "இது வேற ஜாதிக்கா. ஒரு நாள் மருந்து உள்ளே இருக்கும். மேல இருக்கிற பூச்சுதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமா வெளியே விடும். வெட்டினா அந்தப் பூச்சு போச்சு. நாள் முழுக்க இறங்க வேண்டியது ஒரே மூச்சுல இறங்கிடும். பிரஷர் தடால்னு விழும். மயக்கம் போடும். இது யாருக்கு?"

போன மாதம் டிரைவர் வேறு டாக்டரிடம் போனார், மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். பெரியதாகவே வாங்கி வரும்படி மாஸ்டர்தான் சொல்லியனுப்பினாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் புது மாத்திரையைப் பிதுக்கும்போது, வழவழவென்று ஒரு பளபளப்பு இருந்ததை அவள் விரல் கவனித்தது. நடுக்கோடு இல்லை. கோடு இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கண் அளவு போதும் என்று நினைத்ததும் நினைவுக்கு வந்தது.

"பஸ் ஓட்டறவருக்கு" என்றாள். 

அந்தப் பெண் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று பத்து.

கடை வாசலிலேயே நின்று டிரைவர் மனைவிக்குப் போன் போட்டாள்.

"அண்ணி, அண்ணன் இன்னிக்கு மாத்திரை போட்டாரா?"

"ஒன்பது மணிக்குப் போட்டுட்டுத்தான் கிளம்பினார். பத்து மணி டூட்டி. ஏன்?" அவளே தொடர்ந்தாள். "நேத்து படியேறும்போது சுவத்தைப் பிடிச்சிக்கிட்டு நின்னார் தெரியுமா? கண்ணு இருட்டுதாம். கிழவனாயிட்டீங்கன்னு சொன்னேன், அதுக்கு ஒரு முறைப்பு! நீ எதுக்குக் கேட்டே?"

"ஒண்ணுமில்ல அண்ணி. சும்மாதான்."

மாஸ்டர் போனை வைத்துவிட்டாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாயில் வந்தது அதுதான்.

டிரைவரின் போன் டூட்டி முடியும்வரை டிப்போ அலமாரியில் பூட்டிக் கிடக்கும். டிப்போ எண்ணுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அவருடைய பஸ் சந்தை நிறுத்தத்தைத் தொட்டுத்தான் போகும். சந்தையைத் தாண்டினால் நீளமான இறக்கம். இறக்கத்தின் அடியில் பள்ளிக்கூடம். ஓடினாள்.

நிறுத்தத்தில் கூட்டம். முதல் பஸ் வந்தது, ஓட்டியவர் வேறு ஆள். இரண்டாவதும் வேறு ஆள். ஒருவேளை முன்னாலேயே போய்விட்டதா? இறக்கத்தின் பக்கம் காது கொடுத்தாள். அங்கிருந்து ஏதாவது சத்தம் வருமோ? ஒரு ஆட்டோ பிரேக் போட்ட கீச்சொலிக்கே நிறுத்தத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற ஒருவர் நகர்ந்து, "உக்காருங்கம்மா, முகமெல்லாம் வெளிறிக் கிடக்கு" என்றார்.

மூன்றாவது பஸ்ஸில் அவர் இருந்தார். கோட்டில் கொண்டுவந்து கதவை நிறுத்துவதில் பெயர் வாங்கிய மனிதர், இன்று நிறுத்தத்தைத் தாண்டி இருபதடி தள்ளிப் போய் நிறுத்தினார். "தூங்கிட்டு ஓட்டறானா?" என்று திட்டிக்கொண்டே கூட்டம் ஓடியது. மாஸ்டர் பின்கதவில் தொற்றி ஏறுவதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது.

"டிக்கெட், டிக்கெட்" என்று கண்டக்டர் குறுக்கே நின்றார்.

"முன்னாடி போகணும், விடுங்க."

"எல்லாரும்தான் முன்னாடி போறோம். பஸ் பின்னாடியா போகுது? டிக்கெட் எடுங்க முதல்ல."

அவர் கைக்கு அடியில் குனிந்து நுழைந்தாள். முழங்கைகள், பைகள், ஒரு சாக்கு மூட்டை. "ஏம்மா, கால் இருக்கறது தெரியலையா?" "கல்யாண வீட்டுப் பந்தியா, இப்படி முண்டறே?" ஒவ்வொரு கம்பியாகப் பிடித்து முன்னேறினாள். ஜன்னல் வழியே பார்த்தாள். சாலை சரியத் தொடங்கியிருந்தது.

முன்னால் வந்துவிட்டாள். டிரைவரின் கழுத்தில் சட்டைக்காலர் நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கையால் கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஓரமா நிறுத்துங்க."

அவர் திரும்பாமல் கண்ணாடியில் பார்த்தார். "மாஸ்டரா? இங்க என்ன பண்றே? அடுத்த ஸ்டாப்புல பேசு."

"மாத்திரை தப்பு அண்ணே. நான் வெட்டினது தப்பு. மயக்கம் வரும். உங்களுக்கு இப்போ..."

"மெதுவா!" பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "எனக்குப் பிரஷர்னு டிப்போவுக்குத் தெரியாது. தெரிஞ்சா ஸ்டியரிங்கைப் பிடுங்கிடுவான். வாயை மூடிக்கிட்டு நில்லு. ஒண்ணும் ஆகாது."

பஸ் வேகம் எடுத்தது. பள்ளிக்கூடத்து மஞ்சள் சுவர் முன்கண்ணாடியில் தெரிந்தது. அவர் தலை ஒருமுறை லேசாக முன்னால் விழுந்து நிமிர்ந்தது. மேடு பள்ளத்தில் ஆடியதா? அவளால் சொல்ல முடியவில்லை. ஆடியது மட்டும்தான் என்றால், அவள் கத்தினால் ஒரு குடும்பத்தின் சோறு போகும்.

கத்தினாள்.

"டிரைவருக்கு மயக்கம் வருது! பிரஷர் மாத்திரை மாறிப்போச்சு! வண்டிய நிறுத்தச் சொல்லுங்க!"

 கண்டக்டரின் விசில் காதைக் கிழித்தது. ஒருவர், இருவர், பிறகு எல்லாரும் "நிறுத்து, நிறுத்து" என்று கத்தினார்கள். பிரேக் விழுந்தது. முன்சக்கரம் நடைபாதை மேல் ஏறி, ஒரு விளக்குக் கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

டிரைவர் இறங்கினார். "நாசமாப் போச்சு என் வேலை! உன்னை யாரு கேட்டா? உன்னை யாரு ஏறச் சொன்னா?" என்று அவளை நோக்கி இரண்டு அடி வைத்தார். மூன்றாவது அடி வைக்கவில்லை. கால் மடங்கி நடைபாதையிலேயே உட்கார்ந்தார். முகம் சாம்பலாக இருந்தது.

பக்கத்துத் தெரு கிளினிக்கில் நர்ஸ் கையில் பட்டையைக் கட்டிப் பிரஷரை அளந்தாள். நம்பாமல் மறுபடி அளந்தாள். டாக்டரைக் கூப்பிட்டாள். "இதை வச்சுக்கிட்டா வண்டி ஓட்டினீங்க?" என்று அந்த டாக்டர் கேட்டார்.  கால்களை உயர்த்திப் படுக்கவைத்து சலைன் ஏற்றினார்கள். மாஸ்டர் வாசலில் நின்றபடியே அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருமுறை இறங்கியது சற்று நேரம் ஏறாததுபோல் தோன்றவே, உள்ளே ஓடிப்போய்க் கையைத் தொட்டாள். "தூங்க விடுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

அங்கிருந்து திரும்பி வந்ததும் டைப்பிஸ்ட் அம்மாவின் கதவைத் தட்டினாள். அவர் மாத்திரை வெட்டக்கூடிய ரகம்தான், மருந்துக்கடைப் பெண்ணும் போனில் உறுதி சொல்லியிருந்தாள். இருந்தாலும் சிவப்புக் கோடு போட்ட பொட்டலத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நல்லாத்தானே இருக்கேன்? பாரு, மெல்லிசு நூலைக்கூட ஊசியில கோப்பேன்" என்று அந்த அம்மா நிரூபிக்கத் தொடங்கினார். மாஸ்டர் கேட்கவில்லை.

கண்டக்டர் டிப்போவில் உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்திருந்தார். வேறு என்ன எழுதுவார்? பஸ் முழுக்கச் சாட்சி. மூன்று மாதத்துக்கு டிரைவர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. டிக்கெட் அறையில் உட்கார வேண்டும். அடிப்படைச் சம்பளம் மட்டும். அதற்குப் பிறகு மருத்துவர் குழு பார்த்து முடிவு சொல்லும்.

வியாழக்கிழமை சாயங்காலம் டிரைவர் மனைவி இறங்கி வந்தாள். மாஸ்டர் இரண்டு நாளாக எதிர்பார்த்த காலடி அது. கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். திட்டட்டும், அறையட்டும்.

"தெரியாமத்தானே வெட்டினே" என்றாள் டிரைவர் மனைவி, உட்காராமல். "அதை நான் கேக்கல. நான்தானே அட்டைய எடுத்துக்கிட்டு வந்து கொடுத்தேன். போன்ல கேட்டேனே, எதுக்குக் கேக்கறேன்னு. ஒண்ணுமில்லன்னியே, அது ஏன்?"

"பயந்துட்டேன் அண்ணி."

"எனக்குப் பயப்படத் தெரியாதா? என் புருஷன். நானும் சேர்ந்து பயந்திருப்பேன்ல? டிப்போவுக்கு ஓடியிருப்பேன்ல? நீ பாட்டுக்கு வச்சுட்டே. நான் உக்காந்து கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தேன், மாஸ்டர். அவர் அந்த இறக்கத்துல போறப்போ நான் கீரை ஆய்ஞ்சிக்கிட்டு இருந்தேன்."

 அச்சகத்திலிருந்து வந்திருந்த கணவர் எழுந்து அடுக்களைப் பக்கம் போய்விட்டார்.

டிரைவர் மனைவி மேஜைமேல் ஒரு காகிதத்தை வைத்தாள். புதுச் சீட்டு. மூன்று வகை மாத்திரை எழுதியிருந்தது. "விலை கேட்டேன். தலை சுத்துது. இனிமே ஓவர்டைமும் இல்ல. எதை விட்டு எதை வாங்கறதுன்னு தெரியல. எல்லாத்துக்கும் உன்கிட்டதானே வழி இருக்கும்? சொல்லு."

மாஸ்டர் சீட்டைத் தொடவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் அவளுக்கு ஏதாவது ஒன்று தோன்றும். கை தானாக ஒரு சாக்பீஸைத் தேடும். இப்போது வாயைத் திறக்கவே பயமாக இருந்தது.

"தெரியல அண்ணி" என்றாள். "நிஜமாவே தெரியல."

டிரைவர் மனைவி சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அப்போ நாளைக்கு என்னோட மருந்துக்கடைக்கு வா. அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணுகிட்டயே கேப்போம், இதுல விலை குறைஞ்சது எது, எதைத் தொடக் கூடாதுன்னு. நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா கூட நில்லு. எனக்குத் தனியாப் போய்க் கேக்கப் பயமா இருக்கு."

"எத்தனை மணிக்கு அண்ணி?"

"கடை திறக்கும்போதே. கூட்டம் சேர்றதுக்குள்ள."