முக்கால் அங்குலம்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மத்தியானம் மூன்று மணிவாக்கில், பூட்ஸ்காரர் தன் கடை ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிடுகிறார். தெருமுனையில் ஒரு கறுப்புக் கார் வந்து நிற்கிறது. அதிலிருந்து நெட்டையான ஒரு பெரியவர் இறங்கி வந்து, பாதி ஷட்டருக்கு மரியாதையாகக் குனிந்து உள்ளே போகிறார். இருபது நிமிடம். பிறகு, வந்ததைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து நடந்து காருக்குத் திரும்புகிறார்.

இதை எனக்குச் சொன்னவர் எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருப்பவர். சொல்லும்போது கிளாஸ் கழுவுவதுபோல் குனிந்துகொண்டார்.

"பழைய தொழிலை நம்ம பூட்ஸ்காரர் இன்னும் விடல சார். ஏழு வருஷம் உள்ள இருந்துட்டு வந்தவரு. சும்மாவா போடுவாங்க? நாட்டைக் காட்டிக் கொடுத்த கேஸு."

"யாருக்குக் காட்டிக் கொடுத்தாராம்?"

"அதெல்லாம் நமக்கு எதுக்கு சார். ஆனா டீ குடிச்ச கிளாஸை அவரே கழுவி வெச்சுட்டுத்தான் போவாரு. அந்த வகையில தங்கமான மனுஷன்."

தேசத் துரோகியும் தங்கமான மனுஷனும் ஒரே ஆளாக இருப்பதை நேரில் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். நன்றாக இருந்த என் ஷூவின் ஹீலை வீட்டு வாசற்படியில் தேய்த்துப் பிய்த்து எடுத்துக்கொண்டு போனேன்.

பூட்ஸ்காரர் ஷூவை ஒரே ஒரு முறை திருப்பிப் பார்த்தார்.

"இது தானாப் பிய்யல. கல்லுல தேச்சிருக்கீங்க. பத்திரிகையா, போலீஸா?"

"பத்திரிகை."

"அப்ப உக்காருங்க. போலீஸுக்கு நின்னே பழக்கம்."

வயது அறுபத்தாறு. குட்டைக் கழுத்து, அகலத் தோள், பசை காய்ந்து காய்ந்து ரேகை அழிந்துபோன விரல்கள். வேலை நேரத்தில் வாய்க்குள் நாலு சிற்றாணிகள் இருக்கும். பேச வேண்டுமென்றால் அவை ஒரு கன்னத்துக்கு ஒதுங்கும்; சிரிக்க வேண்டுமென்றால் மட்டும் வெளியே எடுத்து மேசைமேல் வைப்பார். அதனால் சிரிப்பு அவருக்குக் கொஞ்சம் முன்னேற்பாடு தேவைப்படுகிற காரியம்.

அடித்தோல் தேய்ந்திருக்கும் விதத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவார். என்னைப் பற்றிச் சொன்னார்: "மாடிப்படி ஜாஸ்தி. தோள்ல கனமான பை. வீட்டுல உங்க பேச்சு எடுபடாது."

"கடைசி விஷயமும் ஷூவுலயே தெரியுதா?"

"இல்ல, அது முகத்துல தெரியுது." நாலு ஆணிகளும் மேசைக்கு வந்தன.

கடையின் பின்பாதிதான் வீடு. நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. தடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு தையல் மெஷின், அந்தப் பக்கம் ஒரு கட்டில். மெஷினுக்கு முன்னால் அவர் மனைவி. காலையில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட், மத்தியானத்துக்கு மேல் கணவருக்குத் தோல் தைத்துக் கொடுப்பவர். "கேஸ் நடத்தக் காசில்ல. அதனால கேஸ் நடக்கற இடத்துலயே வேலைக்குச் சேர்ந்துட்டேன்," என்றார், நூலைப் பல்லால் கடித்தபடி. புருஷன் உள்ளே போனபோது கையில் எட்டு மாதக் குழந்தை. இதுவரை அறுபத்தோரு மனு அடித்திருக்கிறார். எழுத்துப்பிழை ஒன்றுகூடக் கிடையாது என்பதில் அவருக்கும், பதில் ஒன்றுகூடக் கொடுத்ததில்லை என்பதில் அரசாங்கத்துக்கும் சமமான உறுதி.

கதை இதுதான். அப்போது அவர் எல்லையோர ராணுவ முகாம் ஒன்றில் பூட்ஸ் தைப்பவர். ஒருநாள் ஓர் இளம் கேப்டன் தனியாக வந்து கதவைச் சாத்தினார். இடது கால் வலதைவிட முக்கால் அங்குலம் குட்டை. பிறவியிலேயே அப்படி. மருத்துவப் பரிசோதனையில் எப்படித் தப்பினார் என்றால், அன்றைக்குக் குளிர், டாக்டர் எல்லோரையும் பூட்ஸோடு நிற்க வைத்தே அளந்துவிட்டார். "வெளிய தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க மாஸ்டர். இந்தக் கால் எங்கம்மாவுக்கு மட்டும்தான் தெரியும், இப்ப உங்களுக்கு." யாரிடமும் சொல்வதில்லை என்று இவர் வாக்குக் கொடுத்தார்.

இடது பூட்ஸின் ஹீலுக்குள் முக்கால் அங்குலத்துக்குத் தக்கை வைத்தார். தக்கை கனக்கக் கூடாது என்று நடுவில் குடைந்தார். குடைந்த இடம் கடகடக்கக் கூடாது என்று கையில் கிடைத்த ஒரு காகிதத்தை மடித்துத் திணித்தார். மேலே தோலைப் போட்டுத் தைத்தார். கேப்டன் முகாமைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்து, இவர் கையைப் பிடித்துக்கொண்டாராம்.

இரண்டு வருடம் கழித்து அந்த ஜோடி பழசாகி, முகாமின் கழிவுச் சாமான்களோடு போய், ஏதோ சந்தையில் யாருக்கோ விற்றுப்போனது. வாங்கிப் போட்டுக்கொண்டவன் எல்லையைத் தாண்டும்போது பிடிபட்டான். உளவாளியா, கம்பளி கடத்துகிறவனா என்பது இன்றுவரை தீரவில்லை. ஆனால் பூட்ஸைப் பிரித்த அதிகாரிகளுக்குச் சந்தேகமே இல்லை. ஹீலுக்குள் ரகசிய அறை! அறைக்குள் ராணுவக் காகிதம்! காகிதத்தில் 'ரகசியம்' என்று சிவப்பு முத்திரை!

முகாமில் பூட்ஸ் தைப்பவரைக் கூப்பிட்டு, அந்த பூட்ஸை மேசைமேல் வைத்துக் கேட்டார்கள்: "இது யார் வேலை?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். இவர் எடுத்துப் பார்த்துவிட்டு, "நான் செஞ்சதுதான் சார்! தையலைப் பாருங்க. ரெண்டு வருஷ உழைப்பு, ஒரு இழை விடல," என்றார்.

'குற்றத்தைப் பெருமையுடன் ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

"பெருமைதான். அதுல ஒண்ணும் பொய்யில்ல," என்றார் பூட்ஸ்காரர் என்னிடம்.

யாருக்காகச் செய்தாய் என்று கேட்டபோது வாயை மூடிக்கொண்டார். ராணுவ நீதிமன்றம், மூடிய அறை, பதினோரு நாள். அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார். அது ரகசியம், காட்ட முடியாது என்றார்கள். அப்படியென்றால் பிடிபட்ட ஆளை அந்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு நாலு எட்டு நடக்கச் சொல்லுங்கள் என்றார். ரெண்டு காலும் சமமாக உள்ளவன் அதில் நொண்டுவான், பூட்ஸ் அவனுக்காகச் செய்தது இல்லை என்று தெரிந்துவிடும். விசாரணை அதிகாரி, நீதிமன்றம் ஒன்றும் செருப்புக்கடை இல்லை என்றார். அந்த அறையில் அன்று சொல்லப்பட்டவற்றில் சந்தேகத்துக்கு இடமில்லாத உண்மை அது ஒன்றுதான்.

பத்து வருடம் போட்டார்கள். நன்னடத்தைக்காக அதில் மூன்று வருடத்தைக் குறைத்து வெளியே விட்டார்கள். அதற்குப் பிறகும் பல வருடம் அலைந்து, ஒருவழியாக அந்தக் காகிதத்தின் நகல் மனைவியின் கைக்கு வந்தது. என்னிடமும் காட்டினார். சமையற்கூடத்துக்கு அரை மூட்டை வெங்காயம் கேட்டு எழுதிய சீட்டு. அந்த வருடம் முகாமில் எல்லாக் காகிதத்துக்கும் 'ரகசியம்' குத்தச் சொல்லி உத்தரவாம்.

"வெங்காயத்துக்காக ஏழு வருஷம் அழுத குடும்பம் சார் இது," என்றார் அந்த அம்மாள். சிரிக்கலாமா என்று தெரியாமல் நான் கணவரைப் பார்த்தேன். ஆணிகள் மேசைக்கு வந்திருந்தன. நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் அந்த அம்மாள் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. அந்த எட்டு மாதக் குழந்தை இப்போது நர்ஸ். அரசாங்க ஆஸ்பத்திரி வேலைக்கு இரண்டு முறை தேர்வாகி, இரண்டு முறையும் 'தகப்பனார் தேசத் துரோகக் குற்றவாளி' என்ற ஒரு வரியால் திருப்பி அனுப்பப்பட்டவள். இப்போது மூன்றாவது முறை. தீர்ப்பை மறுபடி பார்க்க ஒரு குழுவை அமைத்திருக்கிறார்கள். வாக்குமூலம் கொடுக்க முப்பதாம் தேதி கடைசி. பூட்ஸ் என்னுடையது, அந்தத் தக்கை என் காலுக்கு வைத்தது என்று கேப்டன் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்.

"நீங்களே பேரைச் சொல்லிடலாமே?"

"சொன்னா ஆதாரம் கேப்பாங்க. ஆதாரம் அவர் கால்ல இல்ல இருக்கு! அதுவும் போக, இவர் சொல்லவும் விடமாட்டார். வாக்குக் கொடுத்துட்டாராம். எனக்குந்தான் கல்யாணத்தன்னிக்கு என்னென்னவோ வாக்குக் கொடுத்தாரு. அதெல்லாம் கணக்குல வராது போல."

"ஏய், சும்மா இரு," என்றார் பூட்ஸ்காரர். காதுமடல் சிவந்திருந்தது.

கறுப்புக் காரில் வருகிறவர்தான் அந்தக் கேப்டன் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். கேப்டனாக இருந்து, இன்னும் நாலைந்து படி ஏறி, மார்பு நிறையப் பதக்கத்தோடு ஓய்வு பெற்று, இப்போதும் அணிவகுப்பில் முதல் வரிசையில் நடக்கிறவர். ரகசியமாகத் தக்கை வைக்க உலகத்தில் வேறு ஆள் கிடைக்காததால் இங்கேயே வருகிறார். பெயரை எழுத மாட்டேன் என்று பூட்ஸ்காரருக்கு நானும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இடது கால் முக்கால் அங்குலம் குட்டையான, ஓய்வு பெற்ற உயரதிகாரிகள் எத்தனை பேர் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

போன வாரம் அவர் வருகிற முறை. "எங்க பெரியப்பா பையன், ஊர்லேர்ந்து வந்திருக்காரு," என்று என்னை அறிமுகப்படுத்திவிட்டு, அந்த அம்மாள் என் கையில் ஒரு தோல் துண்டையும் கத்தரியையும் கொடுத்து மெஷின் பக்கத்தில் உட்கார வைத்தார். ஷட்டர் பாதிக்கு இறங்கியது.

நெட்டை மனிதர் ஸ்டூலில் உட்கார்ந்து இடது காலை நீட்டினார். பூட்ஸ்காரர் பூட்ஸைக் கழற்றி, பாதத்தை மடியில் வைத்து, கட்டைவிரலால் குதிகாலை அழுத்திப் பார்த்தார்.

"வலி எப்படி சார்?"

"இடுப்புதான் மாஸ்டர். காலைல எந்திரிக்க முடியல."

"தக்கை அமுங்கிடுச்சு. மாத்திடுவோம்."

அந்த அம்மாள் அரைப் பக்கம் டைப் அடித்த காகிதத்தையும் பேனாவையும் கொண்டுவந்து ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்தார். "முப்பதாம் தேதி கடைசி சார். இன்னும் ஒம்பது நாள்தான் இருக்கு."

"கண்ணாடி கொண்டு வரலம்மா."

"போன தடவையும் கொண்டு வரல. நான் படிக்கிறேன், கேளுங்க." படித்தார். ஆறு வாக்கியம்.

பெரியவர் தன் வெறும் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்குப் புரியாம இல்லம்மா. பசங்க, பேரப் பசங்க... என் போட்டோவுக்கு முன்னால நின்னு சல்யூட் அடிக்குதுங்க. யோசிச்சுச் சொல்றேன்."

"எங்களுக்கும் ஒரு பொண்ணு இருக்கா சார்," என்றார் அந்த அம்மாள். குரல் உயரவில்லை. நான் தோலைத் தவறான இடத்தில் வெட்டினேன்.

பூட்ஸ்காரர் வாயிலிருந்து ஆணிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஆனால் சிரிக்கவில்லை. வலது பூட்ஸையும் கழற்றி, இரண்டையும் அலமாரியில் ஏற்றினார்.

"பசை காயணும் சார். அதுவரைக்கும் இதைப் போட்டுக்கிட்டுப் போங்க."

பெரியவர் காலடியில் அவர் வைத்தது ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. தட்டையானது. ஒரு பக்கமும் உயரம் கிடையாது.

பெரியவர் அதைப் பார்த்தார். "எப்பக் காயும் மாஸ்டர்?"

"கையெழுத்துக் காயற நேரம்தான் சார்."

அந்த அம்மாள் தன் புருஷனை ஏதோ புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

பெரியவர் செருப்பை மாட்டிக்கொண்டு, ஷட்டருக்குக் குனிந்து, வெளியே போனார். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்டியிருந்ததால் கார் தெருமுனைக்கும் அப்பால் நின்றது. நடந்தார். ஒவ்வோர் எட்டுக்கும் இடது தோள் சட்டென்று இறங்கியது; உடம்பு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. டீக்கடையில் பேச்சு நின்றது. குழி வெட்டிக்கொண்டிருந்த ஆள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு பார்த்தான். முப்பது வருடத்துக்கு மேல் யாரும் பார்க்காத நடையைத் தெருவே பார்த்தது. அவருக்குக் கழுத்துவரை வியர்த்துவிட்டது. ஆனாலும் திரும்பி வரவில்லை.

ஷட்டருக்கு அடியில் குனிந்து நின்று பூட்ஸ்காரரும் பார்த்தார். "இடுப்பு போயிடும்," என்றார், யாரிடம் என்றில்லாமல். பத்து எட்டுவரை பொறுத்தார். பதினோராவது எட்டில் பெரியவர் தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

பூட்ஸ்காரர் என் கையிலிருந்த தோலைப் பிடுங்கி, இரண்டாக மடித்து, கத்தரியால் ஓரத்தைச் சரித்து வெட்டிக்கொண்டே ஓடினார்.

"ஏங்க! போகட்டும் விடுங்க! இன்னிக்காவது விடுங்க!" அந்த அம்மாள் காகிதத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார். ஆறு வாக்கியம், கீழே ஒரு கோடு, கோட்டுக்கு மேலே ஒன்றுமில்லை.

நடுத்தெருவில், தோண்டிப்போட்ட மண்ணில், பூட்ஸ்காரர் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தார். "காலைத் தூக்குங்க சார்," என்றது கேட்டது. ஒற்றைக் காலில் நிற்கப் பிடிமானம் வேண்டுமே. பெரியவர் குனிந்து அவர் தோள்மேல் கையை வைத்தார். தோல் துண்டு செருப்புக்குள் போய்ப் பொருந்திய பிறகும் அந்தக் கை அங்கேயே இருந்தது.