கடலை நோன்பு

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்த நாளெல்லாம் காக்கிச் சட்டையின் ஒரு பையில் சில்லறை இருக்கும், இன்னொரு பையில் வறுத்த வேர்க்கடலை இருக்கும். துவைக்கிற எனக்குத்தான் தெரியும். சில்லறை எப்போதாவது மறந்துபோய்ப் பையில் கிடந்ததுண்டு. கடலை ஒன்றுகூட மிஞ்சியதில்லை, தோல் மட்டும்தான் மிஞ்சும்.

சித்தூர்ப் பக்கம் இது பெரிய அதிசயம் இல்லை. இட்லிக்குக் கடலைச் சட்னி, ராகிக் களிக்கும் அதே சட்னி, கத்தரிக்காய்க் குழம்பில் கடலையை வறுத்து அரைத்து விடுவோம், தாளிப்பது கடலெண்ணெயில். ஆனாலும் மற்றவர்கள் இட்லிக்குச் சட்னி தொட்டுக்கொள்வார்கள். இவர் சட்னி சாப்பிடுவதற்கு ஒரு சாக்காக இட்லியைத் தட்டில் வைத்துக்கொள்வார்.

போன வருஷம் பொங்கல் கழிந்து அவருக்குக் காணாக்கடி வந்தது. உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும், அரிக்கும், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும், மறுபடி வேறு இடத்தில் கிளம்பும். முதலில் மெத்தையில் பூச்சி என்றார். மெத்தையை மாடியில் வெயிலில் போட்டோம். பிறகு சோப்பு சரியில்லை என்றார், மாற்றினோம். பிறகு பனியன் மேல் பழி போட்டார். கடைசியில் நான் துணி அலசுகிற விதத்திலேயே குற்றம் கண்டுபிடித்து வந்து நின்றார். அன்றைக்குத்தான் திருப்பதிக்குத் தோல் டாக்டரிடம் போய்விடுவது என்று நான் முடிவு செய்தேன்.

பஸ் புத்தலப்பட்டில் நின்றதும் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு பொட்டலம் கடலை வாங்கினார். திருப்பதி போய்ச் சேருகிற வரைக்கும் தின்றுகொண்டும் சொறிந்துகொண்டும் வந்தார். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு. என்னென்ன சாப்பிடுவார் என்று தெலுங்கில் கேட்டார். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் சொல்லிக்கொண்டே போனேன். எழுதிக்கொண்டிருந்தவர் பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இவர் சட்டையைப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் முழுக்கக் கடலைத் தோல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு என்றார் அவர். சில வாரம் கடலையை அடியோடு நிறுத்த வேண்டும், எண்ணெய்கூடக் கூடாது. தடிப்பு நின்றுவிட்டால் பிறகு ஒருநாள் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்போது திரும்பி வந்தால் கடலைதான் காரணம். ஆயுசுக்கும் அதை மறந்துவிட வேண்டியதுதான். அரிப்பு தாங்காதபோது போட்டுக்கொள்ள மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும்போது புத்தலப்பட்டில் பஸ் நின்றதும் இவர் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் கிளம்பின பிறகுதான் பேசினார்.

"சித்தூர் ஜில்லாவுல பொறந்தவனுக்குக் கடலை ஆவாதுன்னா, வேற என்னாதான் ஆவும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. முகத்தைப் பார்த்தேன், நிஜமாகவே கலங்கியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

வீட்டில் எண்ணெயை மாற்றினேன். சூரியகாந்தி எண்ணெயில் தாளித்தால் உப்புமாவில் ஆஸ்பத்திரி வாசனை அடிக்கிறது என்றார். தேங்காய்ச் சட்னியை, நேரங்கெட்ட நேரத்தில் வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஆனால் ஒரு கடலைகூடத் தொடவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

இப்படிக் கடலையை நிறுத்தியது சாம்பல் புதனுக்கு முந்தின வாரம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பான லெந்து வருகிறது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. யோசித்தது எங்கள் தெருவில் இருக்கும் அக்கா. மிஷன் பள்ளி ஹாஸ்டலில் பல வருஷம் சமைத்தவர் அவர். அவர் பிடிக்கும் கடலை உருண்டைக்குச் சபையில் நல்ல பேர். ஒரு வீட்டு ஜெபக்கூட்டம் முடிந்ததும் வழக்கம்போல இவர் கையில் இரண்டு உருண்டையை வைக்க வந்தார். இவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, "வேணாங்கா, விட்டுட்டேன்" என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் இவரையே பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. லெந்துக்காகக் கடலையையே விட்டுவிட்டாயா தம்பி என்று கேட்டு, ஸ்தோத்திரம் என்றார். இவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அது இன்னும் பொருத்தமாக அமைந்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சபை முழுக்கத் தெரிந்துவிட்டது. போதகர் பிரசங்கத்தில் பேர் சொல்லாமல், நம் நடுவில் ஒரு மூத்த சகோதரர் தனக்கு மிகவும் பிரியமானதை வெறுத்து விட்டிருக்கிறார் என்றார். பேர் சொல்லாவிட்டால் என்ன, எல்லாத் தலையும் ஆண்கள் பக்கம் திரும்பி இவர்மேல்தான் நின்றது. வீட்டுக்கு வரும் வழியில் நான் விடவில்லை.

"மாத்திரைய இனிமே எங்க வெக்கட்டும்? வேதபுஸ்தகத்துப் பக்கத்துலயே வெச்சிடட்டுமா?"

"நோம்புன்னு நான் எங்கனா சொன்னேனா? அவங்களா சொல்லிகினாங்க."

"இல்லன்னும் நீங்க சொல்லலியே."

"நாலு பேரு சந்தோஷப்பட்டுகினு இருக்கறாங்க. அத எதுக்குக் கெடுக்கணும்?"

ஒருபக்கம் இந்த மரியாதை வளர்ந்துகொண்டே போக, மறுபக்கம் தடிப்பு குறைந்துகொண்டே வந்தது. நோய் குறைந்தால் மனுஷர் சந்தோஷப்படுவார்கள். இவருக்கு முகம் வாடியது. சாயந்திரமானால் டியூப்லைட்டுக்குக் கீழே நின்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு தடிப்பாவது இருந்தால் போதும், கடலைமேல் குற்றம் இல்லை என்று ஆகிவிடும். கொசு கடித்ததைக் காட்டி, இது என்ன, இது என்ன என்பார். கொசு என்பேன். போய்ப் படுத்துக்கொள்வார்.

குடும்ப ஜெபத்தில் தேசத்துக்காக, சபைக்காக, வியாதிக்காரருக்காக எல்லாம் ஜெபித்துவிட்டுக் கடைசியில் குரலைத் தாழ்த்தி, கடலை விஷயத்திலும் உம்முடைய சித்தம் ஆகட்டும் ஆண்டவரே என்பார். அதோடு ஆமென் சொல்லிவிட வேண்டியதுதானே? சொல்ல மாட்டார். ஆண்டவர் மனதை மாற்றிக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுப்பதுபோல இருப்பார். பிறகுதான் ஆமென் வரும்.

ஈஸ்டர் வந்தபோது உடம்பில் ஒரு தடிப்பும் இல்லை. அந்த வாரத்தில் சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா போனில் சொல்லியிருந்தார். நான் திங்கட்கிழமை கொஞ்சம் சட்னி அரைக்கலாம் என்றேன். இவர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்றார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. சாப்பிடாமல் இருப்பது இவருக்குப் பழகிவிட்டது, சாப்பிட்டுப் பார்க்கத்தான் பயம். பார்க்காத வரைக்கும் நம்பிக்கை இருக்கிறது அல்லவா?

ஆனால் அக்கா அடுத்த வாரம் வரைக்கும் விடவில்லை. ஈஸ்டர் விடியற்காலை ஆராதனை முடிந்து கோயில் வாசலில் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒரு எவர்சில்வர் டப்பாவோடு நேராக இவரிடம் வந்தார். மூடியைத் திறந்தார். வெல்லப்பாகும் வறுத்த கடலையும் கலந்த வாசனை. நோன்பு முடிந்தது, முதலில் என் கையால் சாப்பிடு தம்பி என்றார். போதகரும் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து நின்றார். சபையே பார்த்துக்கொண்டிருந்தது.

இவர் ஒரு உருண்டையை எடுத்தார், ஆனால் வாய்க்குக் கொண்டு போகவில்லை. என் பக்கம் சாய்ந்து, யாருக்கும் கேட்காமல் கேட்டார்.

"திரும்பி வந்துட்டா?"

அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன், எங்கள் முதல் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வாசலில். கேலி பண்ண வாய் வரவில்லை.

"வந்தா வரட்டும். பாதி துன்னுங்க, மீதிய எங்கிட்ட குடுங்க" என்றேன்.

பாதி தின்றார். கண்ணை மூடி, மெதுவாக, நற்கருணை வாங்குகிறவர்போல. மீதியை நான் வாங்கிக்கொண்டேன்.

மத்தியானம் பிரியாணிக்கு உட்காரும் முன்பே கழுத்தில் கிளம்பிவிட்டது. பிறகு முதுகு, பிறகு இரண்டு கை. கொசு என்று சொல்ல வழியே இல்லை. மாத்திரை கொடுத்தேன். பனியனைக் கழற்றிவிட்டு, பவுடர் பூசிக்கொண்டு, ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்து அக்கா தூக்குச்சட்டியில் கறிக்குழம்பு எடுத்துக்கொண்டு வந்தார். இவரைப் பார்த்ததும் தூக்கை வாசற்படியிலேயே வைத்துவிட்டார். என் கை உருண்டையா இப்படிப் பண்ணியது என்று அழவே தொடங்கிவிட்டார்.

அவர் அழுவதை இவரால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். திருப்பதி டாக்டர், மாத்திரை, எண்ணெய் மாற்றினது, எல்லாம். நான் விட்டது நோன்புக்காக இல்லை அக்கா, வைத்தியத்துக்காக என்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப இந்த நாப்பது நாளு நோம்பு இல்ல தம்பி, பத்தியம். நோம்பு இனிமேதான்" என்றார்.

சொல்லிவிட்டுக் குழம்பில் கடலெண்ணெய் ஊற்றினது நினைவு வந்து, தூக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்கப்புறம் இவர் கடலையைத் தொடவில்லை. எனக்காக எப்போதாவது கொஞ்சம் வறுத்துச் சட்னி அரைத்துக்கொள்வேன், தனிப் பாத்திரத்தில். வறுக்கும்போது மட்டும் தன்னைக் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். வந்து சமையலறை வாசலில் நிற்பார். தோல் வெடிக்கிற சத்தம் கேட்டு, வாசனை எழும்பி, நான் அடுப்பை அணைக்கிற வரைக்கும் நின்றுவிட்டுப் போவார். அதனால் ஒரு தடிப்பும் வந்ததில்லை. கர்த்தர் அவ்வளவாவது விட்டுவைத்தார் என்பார்.

இந்த வருஷம் சாம்பல் புதன் ஆராதனை முடிந்து வரும்போது, லெந்துக்கு எதை விடப்போகிறீர்கள், விடுவதற்குத்தான் உங்களிடம் ஒன்றும் இல்லையே என்று சீண்டினேன்.

"வாசனைய விட்டுடறேன்" என்றார்.

நான் அதற்குமேல் கேலி பண்ணவில்லை. அந்த வாரம் கடலை வறுக்கப் போனபோது கூப்பிடாமல் விட்டேன். ஆனாலும் வந்து, சமையலறைக் கதவைத் தானே வெளியிலிருந்து சாத்திவிட்டுப் போனார். கூடத்தில் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது. நான் அவரையே நினைத்துக்கொண்டு வாணலியைக் கிளறாமல் நின்றுவிட்டேன்.

கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"அடுப்பக் கம்மி பண்ணு. தீயுது."

பார்த்தேன். நிஜமாகவே தீயத்தான் தொடங்கியிருந்தது.