மூடியை அமுக்கிப் பார்த்தேன்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்படிதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேர்வாய் கண்டிகையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போன மாதம், காய்ச்சல் விட்டு எழுந்த மகள் பாஸ்தா கேட்டாள். பொன்னேரியில் ஒரு கடையில் பாஸ்தா சாஸ் பாட்டிலை எடுத்தேன். நல்ல சிவப்பு, தேதியும் இருந்தது. பழக்கத்தில் மூடியின் நடுவை அமுக்கினேன். 'டிக்' என்றது. சீல் சரியாக இருந்தால் நடுப்பகுதி குழிந்து, அமுக்கினாலும் அசையாமல் இருக்கும். இதில் காற்று புகுந்துவிட்டது. வைத்துவிட்டு வேறொன்றை அமுக்கினேன்.

"இன்னாக்கா, தேங்கா மாதிரி தட்டிப் பாத்துகினு கீற?" என்றார் கடை ஊழியர். நின்றவர்கள் சிரித்தார்கள்.

வழக்கமாக நான் தலைகுனிந்து வந்துவிடுவேன். இதை அடுத்து யார் பிள்ளைக்கு வாங்குவார்களோ என்று நினைத்ததும் வாய் திறந்துவிட்டது.

"இது கெட்டிருக்கும். எடுத்துடுங்க."

"டேட்டு கீதுக்கா, ஒன்னும் ஆவாது. கம்பெனிக்காரனுக்குத் தெரியாததா?"

"மூடி செய்றதே நாங்கதான். ஒன்னும் ஆவாதுன்னா தொறந்து ஒரு ஸ்பூன் சாப்பிடுங்க. நானே வாங்கிக்கினு போறேன்."

அவர் பாட்டிலைத் தொடவில்லை. அசையாத மூடியுள்ள ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தேன்.

ருசி, விலையெல்லாம் எனக்கு இப்போது அப்புறம்தான். யார் சிரித்தாலும் முதலில் மூடியை அமுக்குகிறேன். 'டிக்' என்றால் சத்தமாகச் சொல்கிறேன்.

அந்தச் சாஸ் வாங்கிய மறுநாளே ஷிப்ட் முடிந்து அந்தக் கடைக்குப் போனேன். 'டிக்' என்ற அந்தப் பாட்டில் அதே தட்டில் இருந்தது. எடுத்துப்போய் கடை மேனேஜர் மேஜையில், மூடியை அமுக்கிக் காட்டி வைத்துவிட்டு வந்தேன்.