இடியின் பாட்டில் எங்கள் சூப்பர்வைசர்

எங்கள் வீட்டில் வாடகைக்கு இருந்த தம்பிக்கு இடி என்று பெயர். அவனாக வைத்துக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அதைச் சம்பளச் சீட்டோடு நிறுத்தியிருந்தான். இடி என்றதும் ஆள் எப்படி இருப்பானோ என்று நினைப்பீர்கள். மின்விசிறியை வேகமாகச் சுழலவிட்டால் நகர்ந்து உட்கார வேண்டிய உடம்பு. கதவைத் தட்டினால் நமக்குக் கேட்காது. தட்டிவிட்டு, யாரும் இல்லை போலிருக்கிறது என்று அவனே திரும்பிப் போய்விடுவான்.

எங்களைப் போலப் பிழைப்புக்காக இந்த நாட்டுக்கு வந்தவன். நானும் அவனும் ஒரே லாண்டரியில் வேலை. ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்களின் பச்சை உடுப்பு எல்லாம் அங்கேதான் வெளுக்கும். அவன் அழுக்குப் பக்கம். மூட்டையைப் பிரித்து, ஊசி கீசி கிடக்கிறதா என்று உதறிப் பார்த்து மெஷினில் போட வேண்டும். நான் சுத்தப் பக்கம். ஈர விரிப்பின் இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்துச் சூடான உருளைக்குள் கொடுப்பேன். அந்தப் பக்கம் காகிதம் போல வெளியே வரும். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் லாரி ஓட்டுகிறார்.

வீட்டில் இரண்டே அறை. அதில் ஒன்றை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியைத் தம்பிக்கு விட்டிருந்தோம். ஒரு கட்டில், ஒரு துணி அலமாரி, அவ்வளவுதான் இடம்.

அவன் பாடுவது ராப். பாட்டென்றால் பாட்டும் இல்லை, பேச்சென்றால் பேச்சும் இல்லை. கோபத்தில் இருக்கிற ஆள் படிக்கட்டில் தடதடவென்று இறங்கினால் எப்படியோ அப்படி இருக்கும். நடுநடுவே கெட்ட வார்த்தை வரும். முதல் தடவை கேட்டபோது யாரோடோ அடிதடி என்று பயந்துபோய் என் வீட்டுக்காரரை எழுப்பினேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"அலமாரிக்குள்ள உக்காந்து தனியா கத்திக்கிட்டு இருக்கான்."

"அலமாரிக்குள்ளயா? ஏங்க?"

"எனக்கென்ன தெரியும்? வாடகை ஒழுங்கா குடுக்கறான். கத்தட்டும்."

அலமாரிக்குள் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. சுற்றிலும் போர்வையைத் தொங்கவிட்டால் எதிரொலி வராதாம். சட்டை மாட்டுகிற கம்பியில் மைக்கைக் கட்டியிருந்தான். விடிவதற்கு முன்பே எழுந்து, தெருவில் சத்தம் கிளம்புவதற்குள் பாடிவிடுவான். பாடியதைச் சேர்த்து மிக்ஸ்டேப் என்று வெளியிடுவான். டேப் எதுவும் கிடையாது, எல்லாம் போனில்தான். யார் யாருடைய இசையையோ எடுத்து, வெட்டி, ஒட்டி, அதன் மேல் பாடுவது.

"அடுத்தவங்க பொருளைக் கேக்காம எடுக்கலாமா தம்பி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"மிக்ஸ்டேப்புக்கு யாரும் கேக்கறதில்லக்கா. இது அண்டர்கிரவுண்டு."

அவன் பாடுகிற இடத்துக்கு நாங்களும் ஒருமுறை போயிருந்தோம். ஒரு பெரிய கட்டடத்துக்கு அடியில் கார் நிறுத்துகிற இடம். பையன்களும் பெண்களும் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் குதித்தார்கள். இவன் ஒரு வண்டியின் மேல் ஏறி நின்று, இந்த உலகத்தையே அம்மா பெயர் சொல்லித் திட்டினான். கூட்டமும் சேர்ந்து திட்டியது. பிறகு அந்தக் கூட்டத்திலிருந்தே ஒரு பையன் வந்து, "நில்லாதீங்கம்மா, கால் வலிக்கும்" என்று நாற்காலி போட்டுக் கொடுத்தான். நல்ல பிள்ளைகள்.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். நான் விடியற்காலையில் வாய்விட்டுத்தான் பிரார்த்தனை செய்வேன். மனதுக்குள் செய்தால் பாதியில் என்ன சமைக்கலாம் என்று யோசனை ஓடிவிடுகிறது. கடவுளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரையும் குறிப்பிட்டு, அவருக்கு என்ன குறை, என்ன செய்ய வேண்டும் என்று விவரமாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்னது போல இருக்கும். நான் உட்காருகிற இடம் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் அவன் அலமாரி.

அவன் பாடும்போது காதில் ஹெட்போன் மாட்டியிருப்பதால் என் குரல் அவனுக்குக் கேட்டதில்லை. மைக்குக்குக் கேட்டிருக்கிறது. லாண்டரியைப் பற்றி ஒரு பாட்டுப் பாடி, அதைக் கூட்டாளியிடம் கொடுத்திருக்கிறான். கூட்டாளி போன் ரிப்பேர் கடையில் வேலை செய்கிறவன், இவனுக்குத் தாளம் போட்டுத் தருகிறவன். எல்லோரும் அவனை பீட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அவன் கேட்டுவிட்டுத் துள்ளியிருக்கிறான்.

"டேய், பின்னாடி வருதே, இந்தப் பழைய ரெக்கார்டை எங்கடா புடிச்ச? எந்தக் காலத்துப் பாடகி?"

"எங்க அக்காடா. உருளை மெஷின்ல இருக்காங்க."

பீட்டு என் பிரார்த்தனையை எடுத்துப் பாட்டின் தொடக்கத்தில் வைத்தான். அதில் ஒரு வரியை அறுத்து, திரும்பத் திரும்ப வரும்படி தாளத்தில் கோத்துவிட்டான். அந்த மிக்ஸ்டேப் போனுக்குப் போன் பரவியது. எனக்குத்தான் ஒன்றும் தெரியாது.

பெரிய பாட்டுக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. சோபாவில் உட்காரவைத்துப் பேசினார்களாம். இந்தப் பாட்டைத்தான் முதலில் வெளியிடுவோம், ரேடியோவில் எல்லாம் வரும், ஆனால் அதில் இருக்கிற ஒவ்வொரு குரலுக்கும் உரியவர் சம்மதம் எழுதித் தர வேண்டும் என்றார்களாம். இந்தப் பாட்டு இல்லையென்றால் ஒப்பந்தமும் இல்லை.

வீட்டுக்கு வந்தவன், யாரும் சொல்லாமலே சமையலறையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"வெங்காயத்தைத் தொட்டப்பவே தெரிஞ்சுது. சொல்லு."

போனில் பாட்டைப் போட்டான். ஒரு பொம்பளை மூக்கால் அழுதுகொண்டே ஏதோ சொல்கிறாள்.

"யாருடா இது, இந்த இழுவை இழுக்குது?"

"நல்லா கேளுங்கக்கா."

கேட்டேன். "என் வீட்டுக்காரருக்கு மூலம் சரியாகணும், உக்காந்து வண்டி ஓட்டற மனுஷன்" என்றது குரல். என் குரலேதான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கு நன்றாகவே கேட்டிருக்கிறது.

"மூலமா? யாருக்கு? எனக்கா? ஊருக்கே சொல்லிட்டியா?"

"கடவுள்கிட்டதாங்க சொன்னேன்."

அடுத்து எங்கள் சூப்பர்வைசர் வந்தார். "எங்க சூப்பர்வைசருக்கு நல்ல புத்தியக் குடு கடவுளே. நாங்க பாத்ரூம் போனா வாட்ச்சப் பாக்கறாரு. சிரிச்சா பல்லு கொட்டிருமாட்டம் இருக்காரு. பாவம், பொண்டாட்டியும் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. கார்ல உக்காந்து, கண்ணாடிய ஏத்திக்கிட்டு, ஆறின சோத்த தனியா திங்கிறாரே கடவுளே." இதில் "கார்ல உக்காந்து" என்று தொடங்குவதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒவ்வொரு தடவையும் அடியில் ஒரு பெரிய டம் விழுந்தது.

"இதுதான்கா பாட்டே. நான் சும்மா நடுவுல கத்தறேன்" என்றான் தம்பி.

"அந்தக் கெட்ட வார்த்தையெல்லாம் எடுத்துட்டா நான் சம்மதிக்கிறேன்."

"எடுத்தா பாட்டு அரை நிமிஷந்தான் இருக்கும்கா. அதுலயும் பாதி நீங்கதான்."

அன்றைக்கு யோசித்துப் பார்த்தேன். காலையில் நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். கடவுள் இத்தனை காலமும் இரண்டையும் சேர்த்துத்தானே கேட்டிருப்பார்? அவரே பொறுத்துக்கொண்டார். நான் யார் மறுக்க? கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அதோடு முடியவில்லை. கம்பெனியில் ஒருவர் பாட்டு முழுவதையும் அவர்கள் மொழியில் எழுதிப் பார்த்திருக்கிறார். தம்பியின் கெட்ட வார்த்தை ஒன்றையும் அவர்கள் தொடவில்லை. அது கலையாம். சிக்கல் வந்ததெல்லாம் என் பிரார்த்தனையில்தான். என் வீட்டுக்காரரின் மூலம் தாளத்தில் மாட்டாததால் அதைச் சுலபமாக வெட்டிவிட்டார்கள். சூப்பர்வைசரை வெட்ட முடியவில்லை. எந்த லாண்டரி என்று பாட்டிலேயே தெரிகிறது, நாளைக்கு அந்த ஆள் வழக்குப் போட்டால் என்ன செய்வது, அவரிடமும் சம்மதம் வாங்கி வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பீட்டு வீட்டுக்கு வந்தான். "ஒரு கையெழுத்துதானேக்கா? குடுங்க, நானே போட்டுடறேன்."

"தப்பு."

"அப்ப அவர் செத்துட்டார்னு சொல்லிடலாம்."

"அவர் நல்லா இருக்கணும்னு தினமும் கேக்கறவ நான். நானே சாவடிக்கவா? நான் போய்ப் பேசறேன், சும்மா இரு."

சூப்பர்வைசரும் எங்கள் ஆள்தான். எங்களுக்கு முன்னாலேயே வந்து, அழுக்குப் பக்கத்தில் தொடங்கி மேலே போனவர். மதிய இடைவேளையில் அவர் கார் பக்கம் போனேன். தம்பி பின்னால் துணி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். அழுக்குத் துணியும் இல்லை, சுத்தத் துணியும் இல்லை, காலி வண்டி. கண்ணாடியைத் தட்டினேன். இரண்டு விரல் அளவுக்கு இறங்கியது.

"என்னம்மா, லீவா?"

"இல்ல சார். ஒரு பாட்டு."

"பாட்டா?"

விவரத்தைச் சொல்லித் தம்பியின் போனை உள்ளே கொடுத்தேன். அவர் மடியில் சாப்பாட்டு டப்பாவை வைத்துக்கொண்டு கேட்டார். கெட்ட வார்த்தைகளுக்கு முகம் மாறவில்லை. வாட்ச் வந்தபோது, சரிதான் என்பது போலத் தலையை ஆட்டினார். பல் கொட்டும் என்றபோது உதட்டை மூடிக்கொண்டார். "கார்ல உக்காந்து" வந்தது. மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டார்.

போன் உள்ளே இருந்ததால் நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். மணி அடித்த பிறகுதான் கண்ணாடி இறங்கியது.

"இதைக் கடவுள்கிட்ட சொன்னீங்களா?"

"ஆமா சார்."

"தினமுமா?"

"லீவு நாள்லயும் சார்."

"அவர் என்ன சொன்னார்?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல சார்."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "வாட்ச் இருக்கட்டும். அது என் வேலை. பல்லும் இருந்துட்டுப் போகட்டும். பொண்டாட்டி போனது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அந்தக் காரை மட்டும் எடுத்துடுங்க."

"சார், அதுதான் சார் பாட்டு" என்றான் தம்பி.

"அது பாட்டு இல்லப்பா. அது நான்." இறங்கிக் கதவைப் பூட்டினார். "மணியாச்சு. வண்டியைத் தள்ளு."

வீட்டில் தம்பி என்னைக் கெஞ்சினான். "இன்னொரு தடவை கேளுங்கக்கா. நீங்க அழுதா ஒத்துக்குவாரு."

"அந்த மனுஷன் ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கச் சொன்னார். அதுக்கும் அழுது காரியம் சாதிச்சா, நாளைக்கு நான் எந்த முகத்தோட அவருக்காகப் பிரார்த்தனை பண்றது?"

"எனக்காகப் பண்ணவே இல்லையே. பாட்டு முழுக்கக் கேட்டேன், என் பேரே வரல."

"நீ கடைசில வருவ. அதுக்குள்ள உன் கூட்டாளி அறுத்துட்டான்."

சாப்பிடாமல் போய்ப் படுத்தான். மறுநாள் அவனே அந்த வரியை எடுத்தான். காலியான இடத்தில் லாண்டரி மெஷினின் ஆவிச் சத்தத்தைப் பிடித்து வைத்தான். கம்பெனிப் பெரியவர் கேட்டுவிட்டு "ம்" என்றாராம். அது நல்ல "ம்" இல்லையாம். யோசித்துச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். தம்பி மறுபடி அழுக்கு மூட்டையை உதறப் போனான். கேட்டுக்கொண்டபடி எடுத்துவிட்டோம் என்று காட்டுவதற்காக, அந்தப் புதுப் பாட்டை சூப்பர்வைசருக்கும் அனுப்பச் சொன்னேன். முனகிக்கொண்டே அனுப்பினான்.

சில நாள் கழித்து நான் உருளையில் விரிப்பு விட்டுக்கொண்டிருந்தேன். சூப்பர்வைசர் பக்கத்தில் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தார்.

"தம்பி அனுப்பின புதுப் பாட்டைக் கேட்டேன்."

"சரிங்க சார்."

"எடுபடல."

நான் அடுத்த விரிப்பை எடுத்தேன்.

"பழசையும் கேட்டேன், புதுசையும் கேட்டேன். மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். புதுசுல அந்த இடம் வந்ததும் புஸ்ஸுன்னு போயிடுது, டயர் பஞ்சரான மாதிரி. பழையபடியே போடச் சொல்லுங்க."

என் கையிலிருந்த முனை நழுவியது. விரிப்பு கோணலாக உள்ளே போய், அந்தப் பக்கம் சுருக்கம் சுருக்கமாக வந்து விழுந்தது. அவர் பார்த்தார். திட்டவில்லை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை.

நான் பையிலேயே வைத்திருந்த சம்மதக் காகிதத்தை வாங்கி, மடிக்கிற மேசை மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியவர் மறுபடி திறந்தார்.

"ஒண்ணு மட்டும் சொல்லணும். ஆறின சோறுன்னு சொல்லியிருக்கீங்க. அது பொய். என்கிட்ட சூடு தாங்கற டப்பா இருக்கு. மூடியத் தொறந்தா ஆவி வரும். தனியா சாப்பிடறது வாஸ்தவம், ஒத்துக்கறேன். ஆறினதைச் சாப்பிடற ஆள் இல்ல நான்."

"மன்னிச்சுக்கங்க சார். தூரத்துல இருந்து பாத்ததுல தெரியல."

"தெரியாததைக் கடவுள்கிட்ட சொல்லலாமாம்மா?"

நியாயமான கேள்வி.

பாட்டு வெளியே வந்தது. ரேடியோவில் போடுகிறார்கள். தம்பி வேலையை விட்டுவிட்டு, கம்பெனி ஸ்டுடியோவுக்குப் பக்கத்தில் அறை எடுத்துப் போய்விட்டான். அங்கே சுவரெல்லாம் மெத்தை, ஈ பறந்தால்கூட உள்ளே கேட்காதாம். அடுத்த பாட்டுக்கு ஒன்றும் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று பீட்டு சொல்கிறான். விடுமுறை நாளில் எங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறான். போஸ்டரில் கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறான், ஆனால் இன்னும் உடம்பு தேறவில்லை.

ஆறின சோறு விஷயத்தைத் திருத்த முடியுமா என்று அவனிடம் கேட்டேன். முடியாதாம், எல்லோர் வாயிலும் அப்படியே பதிந்துவிட்டதாம். மேடையில் அவன் மைக்கை நீட்டினால், தமிழ் தெரியாத பிள்ளைகள்கூட ஆயிரக்கணக்கில் "ஆறின சோத்த" என்று கத்துகிறார்களாம்.

என்னால் திருத்த முடிந்தது ஒரே இடத்தில்தான். சூப்பர்வைசர் கையெழுத்துப் போட்ட மறுநாள் காலையிலேயே திருத்திவிட்டேன். "சோறு சூடாத்தான் இருக்காம் கடவுளே. மத்ததெல்லாம் நான் சொன்னபடிதான்."