முத்துமாரியின் மூக்கு

தாராவி பதிமூன்றாம் காம்பவுண்டில் முத்துமாரியைத் தெரியாதவர் இருக்கலாம். அவள் மூக்கைப் பற்றிக் கேள்விப்படாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே பிளாஸ்டிக் கழிவைத் தரம் பிரிக்கிறாள். மூட்டையைக் கொட்டியதும் கண்ணாலேயே பாதியைப் பிரித்துவிடுவாள். சந்தேகமான துண்டைத் தரையில் தட்டிப் பார்ப்பாள், கடித்துப் பார்ப்பாள், அதற்கும் பிடிபடாவிட்டால் லைட்டரால் ஓரத்தைக் கருக்கி மோந்து பார்ப்பாள். மெழுகுவத்தி வாசம் வந்தால் பால் கவர் வகை. சாமந்திப்பூ வாசம் வந்தால் டீ கப் வகை. புளிப்பாகத் தொண்டையில் இறங்கிக் கடித்தால் அது ஒயர் உறை. மற்றதோடு அது கலந்தால் மொத்தச் சரக்கும் பாழ். மிஷின் போட்டிருக்கும் முதலாளிகளே சந்தேகம் வந்தால் துண்டும் கையுமாக அவளிடம்தான் வந்து நிற்பார்கள்.

இப்பேர்ப்பட்ட முத்துமாரி போன மார்ச்சில் துபாய்க்குப் போனாள், ஒரு பொம்மைப் பூங்காவைப் பார்க்க.

மகள் ரஞ்சனா அந்தப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பொம்மை ஊரைச் சுற்றிவரும் குட்டி ரயிலை இயக்குவது அவள் வேலை. ஆறாவது மாதக் கடைசியில் ஒன்று நிரந்தரமாக்குவார்கள், இல்லை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். நடுவில் வேறு பேச்சே இல்லை. ஊழியரின் வீட்டாருக்கு ஒருநாள் பாஸ் உண்டு என்று சொல்லி அம்மாவை வரவழைத்திருந்தாள். அப்பா இசக்கிக்கு அம்பர்நாத் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. முத்துமாரி தனியாக விமானம் ஏறி, மூன்று மணி நேரமும் பெல்ட்டைக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள்.

காலையில் பஸ்ஸிலேயே ரஞ்சனா ஆரம்பித்துவிட்டாள்.

"எம்மா, மூணே மூணு விஷயம். எதையும் கடிக்கக் கூடாது. எதையும் மோந்து பாக்கக் கூடாது. நான் டூட்டில இருக்கும்போது எங்கிட்ட வந்து பேசக் கூடாது. சமஜ்ஜா, புரிஞ்சுதா?"

"நான் என்ன சின்னப்பிள்ளையாட்டி?"

"சின்னப்பிள்ளைன்னா பரவால்லியே. கடிச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." பிறகு சொன்னாள்: "சலாவுதீன் சார் ரொம்ப ஸ்ட்ரிக்ட்டும்மா. போன வாரம் காரணமில்லாம ரயில நிறுத்துனான்னு ஒரு நேபாளிப் பொண்ணுக்கு லெட்டர் குடுத்துட்டாரு. அவ கிளம்பிட்டா."

சலாவுதீன் அங்கே மேலாளர். தாராவிக்குப் பக்கத்து மாஹிமில் வளர்ந்த தமிழர், மும்பையிலிருந்து வேலைக்கு ஆள்களைத் தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்தவரே அவர்தான். அவர் கொடுத்த படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் ரஞ்சனா 'பிளாஸ்டிக் பிசினஸ்' என்று எழுதியிருந்தாள். முத்துமாரிக்கும் அது தெரியும். பொய்யென்று சொல்ல முடியாதே என்று சிரித்துக்கொண்டாள், ஆனால் உள்ளுக்குள் சுருக்கென்றுதான் இருந்தது.

உள்ளே போனால் பார்க்கும் இடமெல்லாம் பிளாஸ்டிக். ஒட்டகச்சிவிங்கி பிளாஸ்டிக், கோட்டை பிளாஸ்டிக், மரத்தில் உட்கார்ந்திருக்கும் கிளி பிளாஸ்டிக். முத்துமாரிக்குப் பொம்மை என்றால் கையில்லாதது, சக்கரம் கழன்றது, ஒற்றைக் கண்ணோடு மூட்டைக்குள் வருவது. ரஞ்சனா விளையாடி வளர்ந்ததும் அவற்றைக் கழுவி எடுத்துத்தான். இத்தனை முழுப் பொம்மைகளை ஒரே இடத்தில் பார்க்க அவளுக்குச் சந்தோஷத்தைவிடப் பதற்றமே அதிகமாக இருந்தது. எங்கேயாவது இடித்து எதையாவது உடைத்துவிடுவோமோ என்று முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள்.

பிள்ளைகள் கட்டி விளையாடுவதற்காக ஒரு தொட்டி நிறையக் கட்டைகள் கொட்டிக் கிடந்தன. மேலாகப் பார்த்தாலே தெரிந்தது, உயர்ந்த சரக்கு. எந்த வகை என்பதில்தான் ஒரு சின்னச் சந்தேகம். கட்டை பல்லில் பட்ட பிறகுதான், கை அதை எடுத்ததே அவளுக்குத் தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்காரத் தாய் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். காவலுக்கு நின்ற பெண் ஓடிவந்து கட்டையைக் காகிதத்தால் பிடித்து வாங்கித் தனிக் கூடையில் போட்டாள். பிறகு வாக்கிடாக்கியில் என்னவோ சொன்னாள்.

முத்துமாரி வாயைத் துடைத்துக்கொண்டாள். முதல் கட்டளையே போய்விட்டது. விறுவிறுவென்று நடந்து ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் அசையாமல் இருந்தாள். கோட்டுப் போட்ட ஒருவர் வாக்கிடாக்கியோடு வந்து அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார். அவர்தான் சலாவுதீன் என்று நெஞ்சில் தொங்கிய அட்டை சொல்லியிருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் பார்வையிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

மூன்று மணிவாக்கில் மகளைத் தூரத்திலிருந்தாவது பார்ப்போம் என்று ரயில் இருக்கும் கூடத்துக்குப் போனாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் கூட்டத்தோடு நின்றாள். மஞ்சள் சட்டையும் தொப்பியுமாக ரஞ்சனா பொத்தான் பலகை முன்னால் நின்றிருந்தாள். ஒவ்வொரு பிள்ளையின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். ஆறு பெட்டி, இருபத்துநாலு பிள்ளைகள். ரயில் கூவிக்கொண்டு கிளம்பியது. இவளை இப்படி நிற்க வைத்துப் பார்க்கத்தானே இத்தனை பாடும் என்று முத்துமாரிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ரயில் ஒரு சுற்றுச் சுற்றி அவளைக் கடந்தபோது தொண்டையில் புளிப்பாக ஏதோ கடித்தது.

ஏசிக் குளிரில் மூக்கு கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த சுற்றில் மூன்றாவது பெட்டி கடக்கும்போது மறுபடி வந்தது, கீழிருந்து, முன்னைவிடத் தெளிவாக. ஒயர் உறைதான். வேறெதுவும் அப்படிக் கடிக்காது. சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் மூக்கைச் சுளிக்கவில்லை. சொல்லி ஒன்றும் இல்லையென்று ஆனால் ரஞ்சனாவின் வேலை போயிற்று. நேபாளிப் பெண்ணுக்கு நடந்ததுதான். சொல்லாவிட்டால் இருபத்துநாலும் யாரோ பெற்ற பிள்ளைகள். மூன்றாவது பெட்டியில் ஒரு சின்னக்குட்டி அவளைப் பார்த்துக் கையாட்டியது.

முத்துமாரி கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே போனாள்.

"ரஞ்சி, ஒயர் எரியுதுட்டி."

ரஞ்சனா திரும்பவில்லை. "எம்மா, அந்தப் பக்கம் போ. பாக்காங்க."

"மூணாவது பெட்டி. சீட்டுக்கு அடியில."

"எனக்கு ஒரு வாசமும் வரலியே."

"உனக்கு எப்படி வரும்?"

அப்போதுதான் ரஞ்சனா திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று இருவருக்குமே பின்னால் சொல்லத் தெரியவில்லை. ரயில் குகைக்குள்ளிருந்து வெளியே வந்ததும் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள்.

பிள்ளைகள் அழுதன, பெற்றவர்கள் சத்தம் போட்டார்கள். எல்லோரையும் இறக்கி முடிக்கும்போது சலாவுதீன் வந்துவிட்டார். கூடவே வந்த இன்ஜினியர் ரயிலைச் சுற்றிவந்து, குனிந்து பார்த்து, மோந்தும் பார்த்து, ஒன்றுமில்லை என்று கையை விரித்தார்.

"யாரு சொல்லி நிறுத்துன?" என்றார் சலாவுதீன்.

முத்துமாரி இரண்டடி பின்னால் நகர்ந்தாள். யாரோ ஒரு பொம்பளை என்று மகள் சொல்லிவிடட்டும் என்றுதான் நகர்ந்தாள்.

"எங்கம்மா சொன்னாங்க சார், மூணாவது பெட்டில ஒயர் எரியுதுன்னு."

"அவங்க என்ன எலக்ட்ரீசியனா?"

"இல்ல சார். தாராவில பிளாஸ்டிக் பொறுக்குதாங்க. இருபத்திரண்டு வருஷமா." ரஞ்சனா அதோடு நிறுத்தவில்லை. "அவங்க எரியுதுன்னா எரியும்."

சலாவுதீன் முத்துமாரியைப் பார்த்தார். "காலையில கட்டையக் கடிச்சது நீங்கதானே?"

"நான்தான் சார். கைப்பழக்கம்."

அவர் சிரிக்கவில்லை. மூன்றாவது பெட்டியின் சீட்டைக் கழற்றச் சொன்னார்.

ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிப் பலகையைத் தூக்கப் பத்து நிமிஷம் ஆனது. அந்தப் பத்து நிமிஷமும் முத்துமாரி ஒன்றைத்தான் வேண்டிக்கொண்டாள்: எரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு அடியில் தீ இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்கிறோமே என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேண்டுதலை மாற்றிக்கொள்ளவில்லை.

பலகைக்கு அடியில் கைவிட்ட இன்ஜினியர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். ஒயரின் உறை சாண் நீளத்துக்கு உருகிப் பழுப்பேறி, உள்ளே செம்பு தெரிந்தது. அதற்கு மேலேதான் சீட்டின் பஞ்சு.

சலாவுதீன் குனிந்து அதைப் பார்த்தார். "நிறுத்துனது சரிதாம்மா," என்றார் ரஞ்சனாவிடம். "மாசக் கடைசில பெர்மனென்ட்டுக்கு உன் பேர நானே எழுதி அனுப்புதேன்." அப்புறம் முத்துமாரியிடம் திரும்பினார். "இன்னொரு ரயிலும் இதோட வந்ததுதான். இன்ஜினியர் எப்படியும் திறந்து பாப்பாரு. நீங்களும் ஒருவாட்டி பாத்துச் சொல்லுங்க."

முத்துமாரி தலையை ஆட்டினாள். மகளின் வேலை தப்பித்தது என்று மூச்சுவிடக்கூட நேரமில்லை, அதைவிடப் பெரிய பயம் பிடித்துக்கொண்டது. எரிகிறது என்று சொல்வது சுலபம். எரியவில்லை என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது ரயிலின் ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் முட்டிபோட்டு, கண்ணை மூடி மோந்தாள். எண்ணெய், தரை துடைக்கும் மருந்து, பிள்ளைகளின் பூட்ஸ், எப்போதோ சிந்திய பால். கடைசிப் பெட்டி முடிந்ததும் நம்பிக்கை வராமல் மறுபடி முதல் பெட்டியிலிருந்து ஆரம்பித்தாள். இன்ஜினியர் எல்லாச் சீட்டையும் திறந்து மூடிவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். பிள்ளைகளை ஏற்றி பெல்ட்டும் போட்டாயிற்று.

பச்சைப் பொத்தான் பக்கத்தில் ரஞ்சனா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்ஜினியர் ஓகே சொல்லியாச்சே. எதுக்கு நிக்க?" என்றார் சலாவுதீன்.

"எங்கம்மா இன்னும் எந்திரிக்கல சார்."